கையில் சேரும் தொகை எவ்வளவு? அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கும் நல வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சிங்கப்பூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்தச் சம்பளத்தைக் கணக்கில் போடுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. "அண்ணே, எதில் அனுப்பினால் கூட வரும்?", "போன வாரம் அனுப்பியது இன்னும் ஏறவில்லையே?", "பேர் தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டான், கழித்த காசு வருமா?" இதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாத தொழிலாளர் விடுதிகளில் யாரோ சொன்னதைக் கேட்டு அனுப்புகிறார்கள். இது உங்கள் துறை எடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன். ஏன் என்பதை விளக்குகிறேன்.

ஆண்டுதோறும் ஜனவரியில் சென்னையில் அயலகத் தமிழர் தினம் நடத்துகிறீர்கள். வாரியத்தில் பதிந்து காப்பீடு பெற்றவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊர் கொண்டுவர உங்கள் அலுவலகம் அலைவதையும் அறிவேன். அவற்றைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் விபத்தும் மரணமும் சிலருக்கு நேர்பவை. பணம் அனுப்புவதோ கடல் கடந்த ஒவ்வொருவரும் மாதம் தவறாமல் செய்வது. அந்த ஒரு காரியத்தில் துறையின் கை எங்கும் படவில்லை.

எவ்வளவு பெரிய காரியம் அது? 2015இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என்றது. ரிசர்வ் வங்கி 2023-24க்கு நடத்திய கணக்கெடுப்பின்படி, அந்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த பணம் 118.7 பில்லியன் டாலர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம். அன்றைய மாற்று விலையில் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ரூபாய். அனுப்பும் செலவில் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால், ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய் அரசு ஒரு பைசா ஒதுக்காமலே தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போய்ச் சேரும். இந்தத் தொகைக்கு எந்தத் திட்டத்தின் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அந்த ஒரு சதவீதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. இன்றைய ரேட் மாறிக்கொண்டே இருப்பதால் புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, 68 ரூபாய் என்று கூகுள் காட்டுகிறது என்போம். ஒருவர் கையில் 1,000 வெள்ளி இருக்கிறது. முதல் கடை 5 வெள்ளி கட்டணம் கேட்கிறது, 67 ரூபாய் 60 காசு ரேட் தருகிறது. இரண்டாவது இடம் "கட்டணமே இல்லை" என்கிறது, ரேட் 66 ரூபாய் 30 காசு. விடுதியில் பத்துப் பேரைக் கேட்டால் ஏழெட்டுப் பேர் இரண்டாவது இடத்துக்குத்தான் போவார்கள். முதல் கடையில் 995 வெள்ளிக்கு 67,262 ரூபாய் வரும். இரண்டாவதில் 66,300. இலவசம் என்று சொன்ன இடத்தில் 962 ரூபாய் குறைவு. ஒரு வருடத்துக்கு 11,544 ரூபாய். விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு எடையில் கைவைக்கும் கடைக்காரரை நம் ஊர்ச் சந்தையில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே தராசு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதும், ரேட் எவ்வளவு என்று கேட்பதும் பாதிக் கேள்விகள். 'நான் கையிலிருந்து கொடுப்பது இவ்வளவு, வீட்டில் கைக்கு வருவது எவ்வளவு?' என்பதுதான் முழுக் கேள்வி. இதை ஒருவன் விமானம் ஏறுவதற்கு முன்பே கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடுவான்.

சிங்கப்பூர்–இந்தியா வழி உலகத்தின் மலிவான வழிகளில் ஒன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல் என்கிறது உலக வங்கி. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்கு. இங்கே போட்டி அதிகம், அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்த இலக்கைவிடக் குறைவாகவே கொடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் என்பதுதான் இதில் வில்லங்கம். என்னைப் போல மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான்கு செயலிகளைத் திறந்துவைத்து ஒப்பிட்டுவிட்டு 2,000 வெள்ளியை ஒரே தடவையில் அனுப்புகிறான். புதிதாக வந்த பையன், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, 300 வெள்ளியை ஒரு தடவையும் 200 வெள்ளியை ஒரு தடவையும் அனுப்புகிறான். ஐந்து வெள்ளிக் கட்டணம் எனக்குக் கால் சதவீதம், அவனுக்கு 200 வெள்ளியில் இரண்டரை சதவீதம். குறைவாகச் சம்பாதிப்பவன் கூடுதலாகக் கொடுக்கிறான். ஊரிலும் இதற்கு ஒரு துணை உண்டு. பணம் வெளிநாட்டு நாணயமாக வந்து இந்திய வங்கியில் ரூபாயாக மாற்றப்பட்டால் அதற்கு ஜிஎஸ்டி பிடிப்பார்கள். 25,000 ரூபாய் வரை எவ்வளவு சின்னத் தொகையானாலும் 45 ரூபாய்.

வங்கி வழியாக, நாடு விட்டு நாடு வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் முறையில் அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. நடுவில் ஒரு வங்கி புகுந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அனுப்பியவரிடம் சொல்வதில்லை, வாங்கியவரிடமும் சொல்வதில்லை. பெருந்தொகைக்கு இது பொருட்டல்ல. சம்பளப் பணத்துக்கு அந்த வழி வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயையும் அதைப் போன்ற சிங்கப்பூரின் பேநவ் முறையையும் இணைத்தார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் பார்த்துக்கொண்டிருக்க, இரு மத்திய வங்கித் தலைவர்களும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக் காட்டினார்கள். சில நொடிகளில் பணம் ஏறிவிடுகிறது. ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை அனுப்பலாம். தொடக்கத்திலேயே இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் இருந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் வேகத்தைத் தீர்த்துவைத்த அந்த இணைப்பு விலையைத் தீர்க்கவில்லை. நாணயத்தை என்ன ரேட்டில் மாற்றுவது என்பதை இன்றும் அனுப்புகிற நிறுவனமே முடிவுசெய்கிறது. நொடியில் போகிறது என்பதற்காக ஒருவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்குப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ரேட்டைப் பற்றிப் பேசும்போது இதன் மறுகோடியையும் சொல்லிவிடுகிறேன். ரேட் ஏறட்டும் என்று பணத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் இங்கே நிறைய. ரூபாய் சரிகிறது என்று செய்தி வந்தால் விடுதியில் ஒரே மகிழ்ச்சி. (ஊரில் பெட்ரோல் விலை ஏறுமே என்று கேட்டால் அது அப்புறம் என்பார்கள்.) காத்திருந்து ரேட் ஐம்பது காசு ஏறினால் 1,000 வெள்ளிக்கு 500 ரூபாய் லாபம். அதே 68,000 ரூபாய்க்கு ஊரில் மூன்று வட்டிக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மாதத்து வட்டி 2,040 ரூபாய். கடன் இருக்கிறவன் ரேட்டைப் பார்க்கக் கூடாது, காலண்டரைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு பயிற்சி வகுப்பில் ஐந்து நிமிடம் போதும்.

இனி, பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே இருக்கும் தனித் தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து முன்னாலோ பின்னாலோ உட்கார்ந்துவிடுகிறது. வங்கிப் புத்தகத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கிறது. ஆதாரில் எழுத்துக்கூட்டல் வேறு. 'ழ'வுக்கு ஒருவர் இசட் போட்டிருப்பார், இன்னொருவர் எல் போட்டிருப்பார். அனுப்புகிற நிறுவனத்தின் கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். பணம் நிற்கும், விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும், பதில் சொல்லத் தெரியாவிட்டால் திரும்பி வரும். திரும்பும்போது அன்றைய ரேட்டில் மறுபடி வெள்ளியாக மாற்றி, போக வர இரு முறையும் இழப்பைக் கணக்கில் வைப்பவர்களும் உண்டு. வங்கிகள் இணைந்தபோது மாறிப்போன ஐஎஃப்எஸ்சி குறியீடுகளும் இந்தக் குழப்பத்தோடு சேர்ந்துகொள்கின்றன. கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைந்த பிறகும், பழைய பாஸ் புத்தகத்தைப் பார்த்து எண்ணைச் சொன்ன வீடுகள் எத்தனையோ. புறப்படுவதற்கு முன் பாஸ்போர்ட், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், இதில் பெரும்பகுதி நடக்காது.

கணக்கு யார் பெயரில் என்பது அதைவிடப் பெரிய விஷயம். இங்கிருக்கும் பெரும்பாலோர் அப்பா கணக்குக்கோ மனைவி கணக்குக்கோ அனுப்புகிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்துவிட்டுத் திரும்புகிறவன் பெயரில் ஒரு ரூபாய்ச் சேமிப்புகூட இருப்பதில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் வழக்கு வரும்போதுதான் அதன் அர்த்தம் தெரிகிறது. அவனுடைய பழைய சேமிப்புக் கணக்கு என்ன ஆயிற்று? வெளிநாட்டு வேலைக்குப் போனதும் அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றிவிட வேண்டும் என்கிறது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். எத்தனை பேருக்குத் தெரியும்? என்ஆர்ஓ வைப்புத்தொகை வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடிக்கிறார்கள். வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கில் வைக்கும் பணத்தின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரியே இல்லை. தேவைப்பட்டால் பணத்தைத் தடையின்றி வெளிநாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ள மனைவிக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். 2023 முதல் சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் பலவற்றின் கைப்பேசி எண்ணை வைத்தே என்ஆர்இ கணக்கில் யுபிஐ பயன்படுத்தவும் வழி செய்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்தபடி மகளின் பள்ளிக் கட்டணத்தை நேரே கட்டிவிடலாம். ஐடி ஊழியர்களுக்கெல்லாம் பழகிப்போன இந்தச் செய்தி சாரம் கட்டுகிறவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது உண்டியலுக்கு, அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் வழியாகப் பணத்தைக் கைமாற்றும் முறைக்கு, வருகிறேன். உங்கள் துறை இதைப் பற்றிப் பேசினால் எச்சரிக்கையாகத்தான் பேசும். எச்சரிக்கை வேலைக்காகாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உண்டியல்காரர் படிவம் கேட்பதில்லை. கூகுள் காட்டுவதைவிடச் சில சமயம் கூடவே தருகிறார். வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவசரம் என்றால் "முதலில் வீட்டில் கொடுத்துவிடச் சொல்கிறேன், சம்பளம் வந்ததும் தா" என்கிறார். எந்த வங்கி இப்படிச் சொல்லும்? இந்த வசதிகளுக்கு முன்னால் 'சட்டவிரோதம், ஜாக்கிரதை' என்ற சுவரொட்டி எம்மாத்திரம்?

அவரால் எப்படிக் கூடுதல் ரேட் தர முடிகிறது என்பதைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். இங்கே நாம் கொடுக்கும் வெள்ளி இந்தியாவுக்குப் போவதே இல்லை. அது இங்கேயே தங்கமாகவோ வேறு சரக்காகவோ மாறுகிறது. அந்தத் தங்கத்தைக் குருவிகள் எனப்படும் கடத்தல் ஆட்கள் சுமந்து போகிறார்கள், திருச்சி விமான நிலையத்தில் பிடிபட்டவர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். ஊரில் நம் வீட்டுக்குக் கொடுக்கப்படுவது வேறு யாருடைய ரூபாயோ. முன்பெல்லாம் அதை நோட்டாகக் கொடுத்தார்கள். இப்போது யுபிஐயில் போட்டுவிடுகிறார்கள். ஆபத்து இங்கேதான் முற்றுகிறது. அந்த ரூபாய் ஆன்லைன் மோசடியில் யாரோ ஒருவரிடம் பறித்த பணமாக இருந்தால், அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்ததும் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வரும். அந்தத் தடத்தில் இருக்கும் கணக்குகளை வங்கிகள் முடக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் பெண்ணின் கணக்கு வடமாநிலச் சைபர் காவல் நிலையம் ஒன்றின் உத்தரவில் முடங்கிக் கிடக்கும். அவருக்கு அந்த மொழி தெரியாது. பணம் போட்டவர் யார் என்று கேட்டால் அதுவும் தெரியாது. "என் கணவர் அனுப்பினார்" என்பதற்கு ரசீதும் கிடையாது. உண்டியல் வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் காரணம் இது ஒன்றுதான். நாட்டின் அந்நியச் செலாவணி கையிருப்பைப் பற்றிப் பேசியபோது யாரும் காது கொடுத்ததில்லை, மனைவியின் கணக்கு முடங்கும் என்றதும் செயலியைத் தரவிறக்கம் செய்யக் கேட்டார்கள்.

ரேட் சரியில்லாவிட்டால் மக்கள் எந்த வழியில் போவார்கள் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2021 கடைசியில் அங்கே டாலரின் அதிகாரபூர்வ விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்தார்கள். வெளியே அதைவிட மிகக் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2020இல் 7.1 பில்லியன் டாலராக இருந்த வெளிநாட்டுப் பண வரவு 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்தது. தொழிலாளர்கள் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை, பெரும்பகுதி உண்டியலுக்கு மாறியது. 2022 மார்ச்சில் நாணயத்தைத் தளர்த்தி, இரண்டு விலைக்கும் இடையிலான பள்ளம் தூர்ந்த பிறகு, 2023இல் வரவு 6 பில்லியனை நெருங்கியது. கோடிக்கணக்கான டாலரை இழுத்து வந்தது ரேட்தான். அறிவிப்புகளோ தேசபக்தி வேண்டுகோள்களோ அல்ல.

வளைகுடாவின் நிலைமை வேறு. அங்கே பலர் இன்னும் பணமாற்று நிறுவனத்தின் கவுன்டரையே நம்பியிருக்கிறார்கள். பெரிய பெயர் என்பதாலேயே பத்திரம் என்று இருக்க முடியாது என்பதை 2020 மார்ச்சில் அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். யுஏஇ எக்ஸ்சேஞ்ச் புதிய பரிவர்த்தனைகளை நிறுத்தியது, அந்நாட்டு மத்திய வங்கி அதன் நிர்வாகத்தைக் கண்காணிப்பில் எடுத்தது. நான் அங்கே வேலை பார்த்ததில்லை என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்குள்ள தமிழ்ச் சங்கங்களைக் கேளுங்கள்.

"அந்நியச் செலாவணி மத்திய அரசின் பொறுப்பு, ரிசர்வ் வங்கியின் அதிகாரம், நாங்கள் என்ன செய்ய?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் எதையும் மாற்றச் சொல்லவில்லை. உங்கள் கைக்கு எட்டும் வேலைகளை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வருகிறவர் முதலில் ஸ்கில் தேர்வு எழுதியாக வேண்டும். அந்தத் தேர்வு மையங்கள் சென்னையிலும் திருச்சியிலும் இருக்கின்றன. மத்திய அரசின் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து உருவானது. வளைகுடாவும் மலேசியாவும் அந்த 18 நாடுகளில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. ஆக, எங்கள் பையன்கள் எந்த வகுப்பிலும் உட்காராமல் நேரே விமானத்தில் ஏறுகிறார்கள். ஆனால் ஸ்கில் மையத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அங்கே ஒரு அரை நாளை வாங்குங்கள். ரேட் கணக்கு, பெயர்ப் பொருத்தம், என்ஆர்இ கணக்கு, உண்டியலால் கணக்கு முடங்கும் விதம், சில நூறு வெள்ளிக்காகத் தன் வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ (சிங்கப்பூரின் மின்னணு அடையாளக் கணக்கு) பிறரிடம் கொடுத்தால் இங்கே சிறைக்குப் போக நேரும் என்ற செய்தி. இவ்வளவுதான் பாடம். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வேலைக்குப் போகிற யாரும் இப்படியொரு வகுப்பில் உட்காராமல் புறப்பட முடியாது.

கணக்கு திறக்கும் விஷயத்துக்கும் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில அளவிலான வங்கியாளர் குழுமத்தை ஒருங்கிணைப்பது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அரசு அதிகாரிகள் அதன் கூட்டங்களில் உட்காருகிறார்கள். பயிர்க் கடனும் கல்விக் கடனும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் ஒரு பொருளைச் சேருங்கள்: சிங்கப்பூரின் ஐபிஏ எனும் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தையோ வேறு நாட்டு வேலை விசாவையோ காட்டுகிறவரிடம் கிராமக் கிளையிலேயே என்ஆர்இ விண்ணப்பத்தை வாங்கிவைத்து, அவர் போய்ச் சேர்ந்து வேலை அனுமதி அட்டையின் நகலை அனுப்பியதும் கணக்கு நடைமுறைக்கு வர வேண்டும். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்த வங்கி அது. கடல் கடந்த பணத்துக்காகவே பிறந்தது. இந்தியன் வங்கியைப் போலவே அதற்கும் சிங்கப்பூரில் கிளை உண்டு. இந்த வேலை அவற்றுக்குப் புதிதாக இருக்காது.

மூன்றாவது வேண்டுகோள்தான் நான் மிகவும் விரும்புவது. வாரம் ஒரு முறை ஒரே ஒரு பக்கத்தில் ஒரு பட்டியலை வெளியிடுங்கள். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சவுதி, குவைத், கத்தார். ஒவ்வொரு நாட்டிலும் உரிமம் பெற்ற நிறுவனங்கள். சின்னத் தொகை ஒன்று, நடுத்தரத் தொகை ஒன்று. பக்கத்தில் ஒரே ஒரு எண்: வீட்டில் கைக்கு வரும் ரூபாய். கட்டணம், ரேட், சலுகை என்று வேறு பத்திகள் வேண்டாம், அவைதான் கண்ணைக் கட்டுகின்றன. ஒரு நிறுவனத்தையும் சிபாரிசு செய்ய வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். எண்ணை மட்டும் போடுங்கள். முதல் தடவை அனுப்புகிறவருக்கு மட்டும் தரும் சலுகை ரேட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், இரண்டாவது மாதம் என்ன கிடைக்கும் என்பதே வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வெளியானால் ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போகிறவர் கைப்பேசியில் அது இருக்கும்.

அரசு இப்படிச் செய்வது வழக்கமில்லை என்று யாராவது கோப்பில் எழுதினால், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அரசுகளின் நிதியில் நடக்கும் 'சென்ட் மனி பசிபிக்' தளத்தைக் காட்டுங்கள். சமோவாவுக்கும் டோங்காவுக்கும் பணம் அனுப்புகிறவர்களுக்காக அது பல ஆண்டுகளாக இந்த ஒப்பீட்டைத்தான் வெளியிட்டுவருகிறது. டோங்காவின் மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டியது. நாம் 22 லட்சம் பேரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, கணக்கு முடங்கிய வீடுகள். உங்கள் உதவி மையத்தில் இதற்கென்று ஒருவரை அமர்த்துங்கள். எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதை விடுவிக்கக் கேட்கும் மனுவை எப்படி எழுதுவது என்பதை அறிந்த ஒருவர் போதும். அந்த மனுவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்து வைத்திருந்தால் பெயரையும் எண்ணையும் நிரப்பிக் கொடுத்துவிடலாம். உண்டியலில் வாங்கியவர்தானே என்று அவரைத் துரத்திவிடாதீர்கள். வாங்கிய பெண் சட்டம் படித்து வாங்கவில்லை.

சிங்கப்பூருக்கான எண்களைத் திரட்டுவது ஒரு பிற்பகல் வேலை. எங்களில் கணக்குப் பிரிவுகளில் இருக்கும் சிலர் வெள்ளிக்கிழமைதோறும் அதைத் திரட்டி, கைப்பேசித் திரைப்பிடிப்புகளோடு (ஸ்கிரீன்ஷாட்) உங்களுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம். சரிபார்த்து வெளியிடுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஓர் அலுவலரின் பதவியையும் மின்னஞ்சல் முகவரியையும் தெரிவித்தால், அடுத்த சம்பள வாரத்திலிருந்தே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
கட்டுமான நிறுவனக் கணக்கர் ஒருவர்,
சிங்கப்பூர்
(சொந்த ஊர்: பட்டுக்கோட்டை வட்டம்)